வளவுக்குள் ஒரு வண்ணக் கெண்டைத் தடாகம்

எங்கள் கல்முனைக் கரையோரத்திலே குழி தோண்டுகிறவன் நீரைத் தேடிப் போகவேண்டியதில்லை. நீரே அவனைத் தேடி வந்துவிடும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தெற்கு நோக்கி நீளும் இம்மணற்பரப்புக்கு ஒரு புறம் கடல்; மறுபுறம் வயலும் களப்பும். கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியிலே கிணற்றின் அடியில் ஒடுங்கிக் கிடக்கும் நீர், மார்கழி மழை நான்கு நாள் விடாது பெய்தால் கைக்கெட்டும் தூரத்துக்கு எழும்பி வந்துவிடுகிறது. இத்தகைய நிலத்திலே, அழகுக்காக ஒரு மீன்தடாகம் கட்டவேண்டும் என்ற ஆசை சில ஆண்டுகளுக்கு முன் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆசை முதலில் கெட்டதையும் பின்னர் நிறைவேறியதையும் எழுதினால், இதே ஆசையுடைய வாசகர் சிலருக்காவது பொருளும் உழைப்பும் மிச்சமாகும் என்று நம்புகிறேன்.

உழவர் வளர்த்த அழகு

இன்று உலகெங்கும் செல்வர் வீட்டுத் தோட்டங்களை அலங்கரிக்கும் 'கோய்' எனும் மீன் அரண்மனையிலே பிறந்ததன்று. ஜப்பானிய மொழியிலே கோய் என்றால் கெண்டை, அவ்வளவே. அந்நாட்டின் நீகாத்தா மாகாணத்து மலைக்கிராமங்களில், யமக்கோஷி என்னும் பகுதியைச் சூழ்ந்த உழவர்கள், படிக்கட்டு வயல்களுக்கு நீர் தேக்கும் குட்டைகளிலே உணவுக்காகக் கெண்டை வளர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அவற்றுள் சில சிவப்பும் வெள்ளையுமாக நிறம் மாறிப் பிறக்கக் கண்டு, அவற்றைத் தனியே பிரித்து இனம்பெருக்கினர். 1914 ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் நடைபெற்ற பெருங் கண்காட்சியில் அவை வைக்கப்பட்ட பின்னரே வெளியுலகம் அவற்றை அறிந்தது. 'நிஷிகிகோய்' என்பது அவற்றின் முழுப்பெயர். நிஷிகி என்பது பல வண்ண இழைகளால் நெய்த பட்டைக் குறிக்கும். நெசவுக்குப் பேர்போன மருதமுனைக்கு அண்மையில் வாழும் நமக்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்கவேண்டியதில்லை.

அந்த யமக்கோஷியை 2004 ஆம் ஆண்டு ஒக்டோபர் 23 ஆந் திகதி பெரும் பூகம்பம் குலைத்தது. மலை சரிந்தது, குட்டைகள் வெடித்து நீர் வடிந்தது. ஊர் மக்கள் அனைவரும் ஹெலிகொப்டர்களிலே வெளியேற்றப்பட்டனர். பின்னர், தப்பிய மீன்களையும் வானூர்தியிலே ஏற்றிச் சென்று காப்பாற்றினர். அதற்கு இரண்டு மாதமும் மூன்று நாளும் கழித்து நம் கரைக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கு ஒருவருக்கும் நினைவூட்டவேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிற்று. எஞ்சியவர்களுக்குக் குடிக்கக் கிணறும் இல்லாமற் போயிற்று; எல்லாம் உப்பு.

மீன்தடாகம் பற்றிய கட்டுரையிலே இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் கிணறுகளின் இயல்பை அக்காலமே நமக்குக் காட்டியது. இம்மணலுக்கடியில் நன்னீர், உவர்நீரின்மேல் ஒரு படலம்போல் மிதந்துகொண்டிருக்கிறது. கிணறுகளை இறைத்து இறைத்து உப்பைப் போக்க முயன்றபோது, பல இடங்களில் கீழிருந்த உவர்நீரே மேலேறி வரக்கூடும் என ஆய்வாளர் எச்சரித்தனர். இறுதியிலே மணலைக் கழுவிக் கிணற்றை இனிப்பாக்கியது பெரும்பாலும் மாரி மழைதான். மேலே விழுவதெல்லாம் தடையின்றிக் கீழே இறங்கிக் கிணற்றைச் சேரும் நிலம் இது. மழைநீர் இறங்குவதைப் போலவே அழுக்குநீரும் இறங்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நான் செய்த பிழை

நான் முதலில் கட்டிய தடாகம் எளிமையானது. புரட்டாதி மாதத்திலே மூன்று மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலம், ஒன்றேகால் மீற்றர் ஆழத்தில் குழி தோண்டினேன். அடியிலே பழஞ் சாக்குகளைப் பரப்பி, அதன்மேல் கனத்த கறுப்புப் பொலித்தீன் விரிப்பை மடிப்புக் குறைய விரித்து, விளிம்பிலே கல் அடுக்கினேன். விரிப்பின் அளவைக் கணக்கிடும் முறை சுலபமானது: நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கைக் கூட்டி, விளிம்புக்காக மேலும் அரை மீற்றருக்குச் சற்று அதிகமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அகலத்துக்கும் அவ்வாறே. மூன்று மாதம் ஒரு துளியும் கசியவில்லை. ஐந்து மீன்கள் நீந்தின. வந்தவர்களெல்லாம் புகழ்ந்தார்கள். நானும் அப்புகழ்ச்சியிலே சிறிது மயங்கினேன்.

மார்கழியில் ஒரு மாலை, நீர் கலங்கியிருப்பதைக் கண்டு, பாதி நீரை இறைத்துவிட்டு மறுநாள் கிணற்று நீரால் நிரப்பலாம் என்று உறங்கப் போனேன். இரவு முழுவதும் மழை. விடியற்காலையில் என் இளைய மகளின் அழுகுரல் கேட்டு ஓடிச் சென்று பார்த்தேன். தடாகத்தின் அடித்தளம் மேலே வந்திருந்தது! விரிப்பு ஒரு பெரிய எருமையின் முதுகுபோல் உப்பி எழுந்து, இருந்த நீரை வெளியே தள்ளியிருந்தது. மூன்று மீன்கள் மணலிலே கிடந்தன. இரண்டை வாளியிலே எடுத்துக் காப்பாற்றினோம்.

காரணம் பௌதிகவியலின் முதற் பாடத்திலேயே உள்ளது. வெளியே நிலத்தடி நீர்மட்டம், உள்ளேயிருந்த நீர்மட்டத்துக்கு மேலே ஏறியதும், விரிப்பின் அடியிலிருந்து நீர் மேல்நோக்கித் தள்ளத் தொடங்கியது. ஆறு சதுர மீற்றர்ப் பரப்பின்மீது வெறும் 30 சென்ரிமீற்றர் மட்ட வேறுபாடு 1,800 கிலோகிராம் நிறையைத் தூக்க வல்லது. அதனை மாணவருக்குக் கரும்பலகையிலே எழுதிக் காட்டியவன், தன் வளவிலே மறந்துவிட்டான்.

மேசன் காக்கா சொன்ன பாடம்

சாய்ந்தமருதிலே வயது முதிர்ந்த மேசன் ஒருவர் இருக்கிறார். இளமையிலே தம் ஆசானோடு பல பள்ளிவாசல்களுக்கு ஹவுழ் கட்டியவர். ஹவுழ் என்பது தொழுகைக்கு முன் வுழூச் செய்வதற்கான நீர்த்தொட்டி. ஆண்டுக்கணக்கில் கசியாமல் நிற்கவேண்டியது. பழைய ஹவுழ்கள் சிலவற்றிலே நுளம்புப் புழுக்களைத் தின்பதற்காகச் சிறு மீன்களை விட்டிருப்பதும் உண்டு. அவரை அழைத்து வந்து காட்டினேன். குழியைச் சுற்றி ஒருமுறை நடந்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், பின்னர் சொன்னார்:

"சேர், தண்ணிக்கு ரெண்டு பக்கமும் வழி தெரியும். உள்ளுக்க இரிக்கிற தண்ணிக்கு நீங்க கதவு போட்டிரிக்கிறீங்க. வெளியால வாற தண்ணிக்கு ஆரு கதவு போடுற?"

"அப்படியென்றால் என்ன செய்வது காக்கா?"

"ஆழத்தக் கீழ தேடாதீங்க. மேல தேடுங்க. அதோட, அந்தா இரிக்கிற கிணத்துத் தண்ணியத்தானே புள்ளையள் குடிக்கிற? மீன்ட அழுக்குத் தண்ணி அதுக்குள்ள போனா ஆருக்கிட்டச் சொல்லுற?"

அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. அதுவரை நான் கசிவு என்றால் நட்டம் என்றே எண்ணியிருந்தேன். நீர் போகும், மீண்டும் நிரப்ப வேண்டும் என்ற அளவிலே. தடாகத்துக்கும் கிணற்றுக்கும் இடையே சில மீற்றர் மணல்தான் இருந்தது. மீன்கழிவிலிருந்து பிறக்கும் நைத்திரேற்று நீரோடு கரைந்து செல்லும். மணல் அதனை வடித்து நிறுத்தாது. நைத்திரேற்று மிகுந்த நீர் கைக்குழந்தைகளுக்குக் கேடு விளைக்கும். ஆகவே நம் கரையிலே தடாகத்துக்கு நீர்க்காப்புச் செய்வதன் நோக்கம், தடாகத்தை நிறைத்து வைப்பது மட்டுமன்று. இரண்டு நீரையும் ஒன்றோடொன்று கலவாமற் பிரித்து வைப்பதே ஆகும். இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் மற்றவையெல்லாம் தாமே ஒழுங்காகும்.

கட்டும் முறை

இரண்டாவது தடாகம் பாதி நிலத்துக்கு மேலே எழுந்தது. நிலத்துக்குக் கீழே 30 சென்ரிமீற்றர். மேலே 90 சென்ரிமீற்றர். இடத்தைத் தெரியும்போது கிணற்றிலிருந்தும் மலசலக் குழியிலிருந்தும் வளவு அனுமதிக்கும் மட்டும் விலகி நின்றோம். தென்னை மரத்தடியையும் தவிர்த்தோம். வேர் சுவரைத் தேடி வரும், தேங்காய் மீனைத் தேடி வரும்.

வேலை தொடங்க உகந்த காலம் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடைப்பட்ட கோடை. அப்போதுதான் குழி காய்ந்திருக்கும். அடிமணலை நனைத்து இடித்து இறுக்கி, பழுதற்ற பொலித்தீன் ஒன்றை விரித்து, அதன்மேல் கம்பி வலையிட்டு, 12 சென்ரிமீற்றர் கனத்துக்குக் கொங்கிறீற்றுத் தளம் இட்டோம். சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு, கருங்கல் நான்கு. தளத்தை ஒரே நாளில் இட்டு முடிக்கவேண்டும். பாதியை இன்றும் மீதியை நாளையும் இட்டால், இரண்டும் சந்திக்கும் கோட்டிலேதான் நாளைய கசிவு பிறக்கும்.

மணல் என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. கடற்கரை அருகே உள்ளது. வண்டிச் செலவு குறைவு. ஆயினும் கடல் மணலிலுள்ள உப்பு, உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும். ஆற்று மணலையே கழுவிப் பயன்படுத்துக.

சுவரைச் சீமெந்துக் கல்லால் எழுப்பினோம். 1.1 மீற்றர் ஆழத்துக்கு நீர் நிற்கும்போது, மூன்று மீற்றர் நீளச் சுவரை அது ஏறத்தாழ 1,800 கிலோகிராம் விசையோடு வெளியே தள்ளும். என் பழைய விரிப்பை உயர்த்திய அதே அளவு! ஆதலால் தளத்திலிருந்தே நிமிர்ந்த கம்பிகளை எழுப்பி, கல்லின் துவாரங்களுள் செலுத்திச் சாந்தால் நிரப்பி, உச்சியிலே சுற்றிவரக் கொங்கிறீற்று வளையம் ஒன்று இட்டோம். இத்தகைய கனத்த கட்டடம், மாரியில் வெறுமையாக நின்றாலும் நிலத்தடி நீர் தூக்கிவிடாதபடி தன் நிறையாலேயே அமர்ந்திருக்கும்.

நீர்க்காப்பின் உயிர் பூச்சிலே இருக்கிறது. சுவரும் தளமும் சந்திக்கும் மூலைகளைச் செங்கோணமாக விடாமல், ஒரு போத்தலின் முதுகால் இழுத்து உருட்டிவிட்டார் காக்கா. மூலைதான் முதலில் வெடிக்கும் என்பது அவர் அனுபவம். பின்னர் ஒன்றுக்கு மூன்று கலவையிலே மெல்லிய பூச்சு இரண்டு. முதற்பூச்சு முற்றாக இறுகுமுன் அதன் முகத்தைக் கீறிவிட்டு அடுத்தது. அதன்பின் பதினான்கு நாள் ஈரச் சாக்குகளைச் சுவரிலே தொங்கவிட்டுக் காலையும் மாலையும் நனைத்தோம். வெயிலிலே விரைந்து காயும் சீமெந்து மயிரிழை வெடிப்புகளைப் பெறும்; பொறுமையாக நனைக்கப்பட்ட சீமெந்தே இறுகும். இறுதியாக, குடிநீர்த் தாங்கிகளுக்கு ஏற்றது எனக் குறிக்கப்பட்ட நீர்க்காப்புச் சீமெந்துக் குழம்பை இரு முறை பூசினோம். முதன்முறை தூரிகை கிடையாகச் சென்றால், மறுமுறை நெடுக்காகச் செல்லவேண்டும்.

சீமெந்தின் காரம்

கட்டி முடித்த மகிழ்ச்சியில் உடனே மீனை விடுபவர் அதனைக் கொல்கிறார். புதுச் சீமெந்திலிருந்து கரையும் சுண்ணாம்பு, நீரின் பீ.எச். பெறுமானத்தைப் பன்னிரண்டுவரைகூட உயர்த்திவிடும். கெண்டைக்கு ஏற்றது ஏழுக்கும் எட்டரைக்கும் இடைப்பட்ட நீர். ஆகவே நிரப்பி நாலைந்து நாள் வைத்து இறைப்பதை மூன்று நான்கு முறை செய்யவேண்டும். நம்மவர் புதுத் தொட்டிகளிலே வாழைக் குற்றியை வெட்டிப் போட்டு ஊறவிடுவது பழைய வழக்கம். அழுகும் குற்றியிலிருந்து பிறக்கும் அமிலம் காரத்தைத் தணிக்கும். அதன்பின் நன்றாகத் தேய்த்துக் கழுவி, பீ.எச். தாளால் சோதித்த பின்னரே மீன்.

நிரப்பியதும் கசிவைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு வாளியில் நீர் நிரப்பித் தடாகத்துப் படியொன்றிலே, பாதி அமிழ்ந்திருக்க வையுங்கள். வாளியின் உள்மட்டத்தையும் தடாகத்தின் மட்டத்தையும் குறித்து, இருபத்துநான்கு மணி நேரத்தின் பின் பாருங்கள். இரண்டும் சமமாகக் குறைந்திருந்தால் வெயில் குடித்த நீர். தடாகம் மட்டும் மிகுதியாகக் குறைந்திருந்தால் கசிவு. கசியும் தடாகத்தில் நீர் எந்த மட்டத்திலே இறங்காமல் நிற்கிறதோ, அந்த மட்டத்திலேதான் வெடிப்பைத் தேடவேண்டும். ஐயமான இடத்தருகே சிறிது பாலைச் சொட்டினால், அது வெடிப்பை நோக்கி நூல்போல் இழுபட்டுச் செல்லும்.

மீன் வாழும் நீர்

அநுராதபுரத்து இரட்டைக் குளமாகிய 'குட்டம் பொக்குண'வைப் பார்த்தவர் அதன் அழகையே பெரும்பாலும் பேசுவர். அதன் வடமுனையிலுள்ள சிறு கற்றொட்டியைக் கவனிப்போர் சிலரே. நிலத்தடி வழியாக வரும் நீர் முதலில் அத்தொட்டியிலே தங்கும். வண்டல் அடியிலே படிந்த பின்னரே தெளிந்த நீர் குளத்துள் விழும். இன்றைய வடிகட்டிகளின் முதற் படியும் இதுவே.

இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய்களை வாங்கினேன். முதலாவதில் நீர் மெல்லச் சுழன்று அழுக்கை அடியில் விடும். இரண்டாவதை, கரைவலைக்காரர் கழித்த நைலோன் வலைத் துண்டுகளை நன்றாகக் கழுவி நிரப்பினேன். மீன் வெளிவிடும் அமோனியா நஞ்சு. அவ்வலையிலே குடிகொள்ளும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்று ஆக்கி, பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்று ஆக்கும். அவை குடியேற நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதுவரை ஓரிரு மீனுக்கு மேல் விடலாகாது. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றவேண்டும். எடுக்கும் நீரை வாழைக்கும் கத்தரிக்கும் ஊற்றினால் நைத்திரேற்றை அவை உண்ணும். கிணற்றருகே கொட்டுவது கூடாது. குழாய்நீர் ஆயின் குளோரீன் போக ஒரு நாள் திறந்து வைத்தபின் ஊற்றுக.

பம்பி, இரண்டு மணி நேரத்தில் தடாக நீர் முழுவதையும் ஒருமுறை சுற்றவேண்டும். நீருள் இருக்கும் மின்கருவிக்கு றிப் சுவிச் கட்டாயம். பம்பியை நிறுத்தாமல் தடாகத்துள் கைவைத்தல் ஆகாது.

ஆசை மிகுந்து மீனை மிகையாக விடாதிருத்தல் வேண்டும். என் தடாகம் 6,600 லீற்றர், ஆறு மீன்கள். ஒரு மீனுக்கு ஆயிரம் லீற்றர் என்பது நல்ல கணக்கு. கோய் அரை மீற்றருக்கு மேல் வளரும். நன்கு பேணினால் இருபது, முப்பது ஆண்டு வாழும். நம் வெயிலையும் எண்ணவேண்டும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் ஏழரைதான். ஆகவே கச்சான் காலத்திலே கிடுகுப் பந்தல் நிழலும், இரவு பகலாகக் காற்றுக் குமிழியும் வேண்டும். மின்சாரம் தடைப்படும் இரவிலே, மீன் குறைந்த தடாகமே பிழைக்கும்.

பிள்ளையும் நுளம்பும் வெள்ளமும்

மேலெழுந்த சுவரால் வேறு மூன்று நன்மைகளும் கிடைத்தன. தவழும் குழந்தை உள்ளே விழாது. ஆயினும் அதனை நம்பி இருந்துவிடாமல், மேலே கம்பி வலைச் சட்டமும் இட்டிருக்கிறேன். மீன்கொத்தியும் பூனையும் அதனாலே ஏமாறுகின்றன. இரண்டாவதாக, 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வந்தவை போன்ற வெள்ளங்களிலே மீன் தடாகத்தைவிட்டு எளிதில் வெளியேறாது. கெண்டை சேற்றைக் கிளறி, நீர்ச்செடிகளைப் பிடுங்கும் இயல்புடையது. அது தோணாவுக்கும் களப்புக்கும் போய்ச் சேர்வது அங்கு வாழும் உயிர்களுக்கு நன்மையன்று. மூன்றாவதாக, தெருவின் அழுக்கு வெள்ளம் உள்ளே வராது.

நுளம்பைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். மீன் உள்ள, ஓடும் நீரிலே நுளம்பு பெருகுவதில்லை. முட்டையிலிருந்து பிறக்கும் புழுவை மீன் உண்டுவிடும். ஆபத்து, கட்டிக்கொண்டிருக்கும் தொட்டியிலும் மூடாத பீப்பாயிலும் தேங்கும் மழைநீரிலேதான். டெங்கு பரப்பும் நுளம்புக்கு ஒரு வாரமே போதும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியுள்ளது. சட்டம் இல்லாவிட்டாலும் அயலார் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்போது மாரி வந்தால் எனக்கு ஒரு பழக்கம். இரவிலே மழை சற்று ஓய்ந்ததும் விளக்கை எடுத்துச் சென்று முதலில் கிணற்றைப் பார்ப்பேன். பின்னர் தடாகத்தைப் பார்ப்பேன். கிணற்று நீர் ஏறியிருக்கும். தடாகம் அசையாது நிற்கும். சென்ற மார்கழியிலே மேசன் காக்கா அப்பக்கமாக வந்தவர், சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மீனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், "கிணத்துத் தண்ணி ஒரு கிளாஸ் தாங்க சேர்" என்றார். குடித்துவிட்டு, "நல்லா இரிக்கி" என்றார். மூன்று மீனைப் பறிகொடுத்து நான் கற்ற பாடத்துக்கு அதனிலும் மேலான நற்சான்று வேறு வேண்டியதில்லை.